கம்பெனியை மாற்றிய பிறகும் பழைய கணக்கு ஏன் பில்லில் வருகிறது?

கேள்வி இது: "கலிபோர்னியாவில் இருக்கிறேன். எங்கள் ஊரே நடத்தும் மின் அமைப்புக்கு மாறிவிட்டேன். மின்சாரம் அவர்களிடம்தான் வாங்குகிறேன். ஆனாலும் பழைய கம்பெனிக்கு என்று மாதாமாதம் ஒரு தொகை பில்லில் வருகிறது. மின்துறையில் போட்டியைத் திறந்துவிட்டதால் வந்த செலவு என்கிறார்கள். அதை நான் ஏன் கட்ட வேண்டும்? எந்தக் கணக்கில் வசூலிக்கிறார்கள்?"

மின்கட்டண வழக்குகளின் ஆவணங்களைப் படிப்பதே பல வருடங்களாக என் வேலை. இந்தக் கேள்விக்கு "அது சட்டம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்புவார்கள். அது சரியான பதில் அல்ல. சட்டம்தான், ஆனால் அந்தச் சட்டம் யாருடைய நஷ்டத்தை யார் தலையில் வைத்தது என்று தெரிந்தால்தான் உங்கள் பில்லில் இருக்கும் அந்த வரி புரியும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1990-கள் வரை அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்கு ஒரே மின் கம்பெனி. மின்நிலையம் கட்டுவது, கம்பி இழுப்பது, மீட்டர் பார்த்து பில் அனுப்புவது எல்லாம் அதன் வேலை. போட்டியாளர் யாரும் உள்ளே வர முடியாது. அதற்குப் பதிலாக விலையை மாநில ஆணையம் தீர்மானிக்கும். ஒரு மின்நிலையத்துக்குப் போட்ட முதல் நியாயமானது என்று ஆணையம் ஏற்றுக்கொண்டால், அந்த முதலை 30, 40 வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணத்தில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இன்னும் திரும்பி வராமல் நிற்கும் பாக்கி முதலுக்கு வருடா வருடம் ஒரு வருமானமும் கிடைக்கும். வாடிக்கையாளர் எங்கும் போக முடியாது என்பதால் இந்த நீண்ட தவணை கம்பெனிக்குப் பத்திரமாக இருந்தது.

1970-களிலும் 80-களிலும் இந்த ஏற்பாட்டின் மேல் மிகப் பெரிய சுமைகள் ஏறின. முதலாவது அணு உலைகள். கலிபோர்னியாவின் டயாப்லோ கேன்யன் நிலையம் சில நூறு மில்லியன் டாலரில் முடியும் என்று தொடங்கி, 500 கோடி டாலரைத் தாண்டித்தான் முடிந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் சீப்ரூக்கில் இரண்டு உலைகள் கட்டத் திட்டமிட்டு, ஒன்றைக் கைவிட்டு, மற்றொன்றுக்கு 600 கோடி டாலருக்கு மேல் செலவானது. அந்தச் சுமை தாங்காமல் பப்ளிக் சர்வீஸ் கம்பெனி ஆஃப் நியூ ஹாம்ப்ஷயர் 1988 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு ஒரு பெரிய மின் கம்பெனி திவாலானது அதுவே முதல் முறை.

இரண்டாவது சுமை நீண்டகால ஒப்பந்தங்கள். 1978-இல் வந்த பர்ப்பா என்ற மத்தியச் சட்டம், காற்றாலை, சிறு நீர்மின் நிலையம், ஆலைகளோடு இணைந்த மின் உற்பத்தி போன்ற சிறு உற்பத்தியாளர்களிடம் மின்சாரம் வாங்கியே தீர வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. என்ன விலை என்பதை மாநிலங்கள் தீர்மானித்தன. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று எல்லாரும் நம்பிய நேரம் அது. அந்த நம்பிக்கையில் கலிபோர்னியா பல வருடங்களுக்கு நிலையான விலையில் ஒப்பந்தங்கள் போட வைத்தது. அப்புறம் எண்ணெய் விலை சரிந்தது. ஒப்பந்த விலை அப்படியே நின்றது.

1990-களில் இயற்கை எரிவாயு மலிந்தது. புதிய வகை எரிவாயு நிலையங்கள் சிறியதாகவும் மலிவாகவும் வந்தன. புதிதாகக் கட்டினால் யூனிட்டுக்கு 3, 4 சென்ட்டில் மின்சாரம் தயாரிக்கலாம். பழைய கம்பெனியோ அணு உலையின் பாக்கியையும் சேர்த்து அதைவிட மிக அதிகமாகக் கேட்கிறது. பெரிய ஆலைகள் "எங்களை வெளியே விடுங்கள், நாங்களே மலிவாக வாங்கிக்கொள்கிறோம்" என்று கேட்கத் தொடங்கின. 1992-இன் மத்திய எரிசக்திச் சட்டமும், மின்கடத்தும் கம்பிகளை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லி மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1996 ஏப்ரலில் பிறப்பித்த 888-ஆம் ஆணையும் கதவைத் திறந்தன. சில்லறை விற்பனையைத் திறப்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் கையில் இருந்தது.

கதவு திறந்தால் என்ன ஆகும்? ஒரு மின்நிலையத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் 400 கோடி டாலர் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த சந்தையில் அது சம்பாதிக்கும் பணத்தை வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு 100 கோடிதான். மீதி 300 கோடி திரும்பி வர வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இந்த 300 கோடிக்குத்தான் ஸ்ட்ராண்டட் காஸ்ட் என்று பெயர். தரைதட்டிய கப்பலைப் போலக் கரையேறாமல் நிற்கும் முதல். தமிழில் "முடங்கிய முதல்" என்று வைத்துக்கொள்கிறேன். நாடு முழுவதும் இது சுமார் 13,500 கோடி டாலர் இருக்கும் என்று 1995-இல் கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் மதிப்பிட்டது. கலிபோர்னியாவில் மட்டும் 2,000 கோடி முதல் 3,000 கோடி டாலர் வரை என்று கணக்குப் போட்டார்கள்.

இதை யார் ஏற்பது? கம்பெனிகள் சொன்னது: "நீங்கள் கட்டச் சொன்னீர்கள், கட்டினோம். நீங்கள் வாங்கச் சொன்னீர்கள், வாங்கினோம். ஆணையம் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டது. இப்போது பாதி ஆட்டத்தில் விதியை மாற்றிவிட்டு நஷ்டத்தை மட்டும் எங்களிடம் விடுவது நியாயமா?" பர்ப்பா ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை.

எதிர்த் தரப்பு சொன்னதிலும் பலம் இருந்தது. பங்குதாரர்களுக்கு வருடா வருடம் கொடுக்கப்பட்ட வருமானம் அரசாங்கப் பத்திரத்தின் வட்டியைவிட அதிகம். ஆபத்தும் இருக்கிறது என்பதால்தானே அந்த அதிகம்? ஆபத்துக்குக் கூலி வாங்கிவிட்டு, ஆபத்து வந்ததும் வாடிக்கையாளரிடம் திருப்பி விடுவது என்ன நியாயம்? சட்டமும் கம்பெனிகளுக்கு முழுத் துணையாக இல்லை. சந்தையின் போக்கால் அழிந்துபோன மதிப்பை அரசியலமைப்பு காப்பாற்றித் தராது என்று 1945-இலேயே, சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் ஸ்ட்ரீட் டிராம் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1989-இல் டுகேன் லைட் வழக்கில், பாதியில் கைவிடப்பட்ட அணு உலைகளின் செலவைக் கட்டணத்தில் சேர்க்கக்கூடாது என்ற பென்சில்வேனியா சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டமிட்ட நேரத்தில் அது விவேகமான முடிவாகவே இருந்திருந்தாலும்கூட.

ஆக, முழுத் தொகையையும் வாடிக்கையாளரிடம் வசூலித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் பேரம் பேசி எடுத்த முடிவு அது. கம்பெனிகளின் சம்மதம் இல்லாமல் போட்டியைத் திறந்தால் வழக்கு பல வருடம் இழுக்கும். சம்மதத்துக்கு விலை, முடங்கிய முதல் முழுவதும் திரும்ப வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இந்தப் பேரம்தான் நடந்தது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி: எப்படி வசூலித்தார்கள்?

அடிப்படைத் தந்திரம் எளிமையானது. மின்சாரத்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் கம்பி ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி இன்னும் பழைய கம்பெனியுடையது. எனவே பழைய பாக்கியைக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தோடு சேர்த்துவிட்டால் யாரும் தப்ப முடியாது. சட்டங்களில் இதைத் "தவிர்க்க முடியாத கட்டணம்" (non-bypassable charge) என்றே எழுதியிருப்பார்கள். இந்தச் சொற்களைப் பில்லிலோ கட்டண அட்டவணையிலோ பார்த்தால் நின்று படியுங்கள். விற்பனையாளரை மாற்றினாலும் கூடவே வருகிற கட்டணம் என்று அதற்கு அர்த்தம்.

கலிபோர்னியா செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1996 செப்டம்பரில் ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட்ட ஏபி 1890 என்ற சட்டம் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் நிறைவேறியது. அந்தச் சட்டம் கட்டணத்தை 1996 ஜூன் மாத அளவில் உறைய வைத்தது. அப்போது கலிபோர்னியாவின் கட்டணம் நாட்டின் சராசரியைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. எரிவாயு மலிவாக இருந்ததால் கட்டணம் இறங்க வேண்டிய காலம் அது. இறங்கவிடாமல் மேலேயே பிடித்து வைத்ததுதான் வசூலின் சூட்சுமம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். உறைந்த கட்டணம் யூனிட்டுக்கு 11 சென்ட். அதில் கம்பி, மீட்டர், பொதுத் திட்டங்கள் எல்லாம் 4 சென்ட். மொத்த விற்பனைச் சந்தையில் மின்சாரத்தின் விலை 3 சென்ட். மிச்சம் எவ்வளவு? 4 சென்ட். அந்த மிச்சம்தான் போட்டிக்கு மாறும் கட்டணம், பில்களில் சிடிசி என்று வந்தது. சந்தை விலை 2 சென்ட்டாக இறங்கினால் சிடிசி 5 சென்ட் ஆகும். உங்கள் பில்லில் ஒரு காசு குறையாது. முடங்கிய முதல் மட்டும் வேகமாக அடையும். போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள் அல்லவா? விலை குறைந்தது. குறைந்த அத்தனையும் பழைய பாக்கிக்குப் போனது.

புதிய விற்பனையாளரிடம் மாறியவர்களுக்கும் இதே கதைதான். அவர் 3 சென்ட்டுக்குப் பதில் 2.7 சென்ட்டுக்குத் தருகிறார் என்றால் மிச்சமாவது 0.3 சென்ட். 11 சென்ட்டில் அது ஒன்றுமே இல்லை. கலிபோர்னியாவில் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 2 சதவீதம் பேர்தான் மாறினார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் செய்தார்கள். என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான். வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 1998 ஜனவரி முதல் 10 சதவீதக் கட்டணக் குறைப்பு என்று சட்டம் அறிவித்தது. அந்தக் குறைப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1997 டிசம்பரில் சுமார் 600 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் விற்றார்கள். அந்தப் பணம் முடங்கிய முதலின் ஒரு பகுதியாக உடனே கம்பெனிகளுக்குப் போனது. பத்திரத்தின் அசலையும் வட்டியையும் அதே வீடுகளும் சிறு கடைகளும் அடுத்த 10 வருடம், 2007 வரை, தங்கள் பில்லில் தனி வரியாகக் கட்டினார்கள். தள்ளுபடி வாங்கியவரே அந்தத் தள்ளுபடியின் கடனையும் வட்டியோடு அடைத்தார்.

கடன் பத்திர முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அமெரிக்கா முழுவதும் இது பரவியிருக்கிறது. கம்பெனி நேரடியாகக் கடன் வாங்காது. இதற்கென்றே ஒரு தனி நிறுவனத்தைக் காகிதத்தில் உருவாக்கும். "இந்த வட்டாரத்து வாடிக்கையாளர்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு வசூலிக்கும் உரிமை" என்ற ஒன்றை மாநிலச் சட்டம் ஒரு சொத்தாகவே அங்கீகரிக்கும். கம்பெனி அந்தச் சொத்தைத் தனி நிறுவனத்துக்கு விற்கும். தனி நிறுவனம் அதை அடமானமாக வைத்துப் பத்திரம் விற்று, பணத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். இதற்கு ஆணையம் கொடுக்கும் உத்தரவைப் பின்னாளில் வரும் ஆணையர்கள் திரும்பப் பெற முடியாது. வசூல் குறைந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது கட்டணத்தைத் தானாகவே ஏற்றிச் சரிசெய்துகொள்வார்கள். கம்பெனி திவாலானாலும் வசூல் நிற்காது. இவ்வளவு பாதுகாப்பு இருப்பதால் பத்திரத்துக்கு மிக உயர்ந்த தரமதிப்பீடு கிடைக்கும், வட்டி குறையும். கம்பெனிக்குத் தர வேண்டிய வருமானத்தைவிட இந்த வட்டி குறைவு என்பதால் வாடிக்கையாளருக்கு லாபம் என்று சொல்வார்கள். கணக்குப்படி அது உண்மைதான். ஆனால் அந்தத் தொகையை நாம் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வி பத்திரம் விற்ற நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு எந்த உண்மை வெளியே வந்தாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

1998 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் முன் 9-ஆம் பிரேரணை வந்தது. அணு உலைகளின் முடங்கிய முதலை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக்கூடாது, அந்தப் பத்திரக் கட்டணமும் கூடாது என்று அது கேட்டது. அதை எதிர்க்க மின் கம்பெனிகள் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. பிரேரணை பெருவாரியாகத் தோற்றது.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியும், ஆனால் நம் கேள்வியோடு அதற்கு இருக்கும் தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. சான் டியேகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் தன் மின்நிலையங்களை நல்ல விலைக்கு விற்று, மற்றவர்களுக்கு முன்பே, 1999 ஜூலையில் பாக்கியை அடைத்துவிட்டது. பாக்கி அடைந்தால் உறைவு நீங்க வேண்டும் என்பது சட்டம். உறைவு நீங்கியது, சந்தை விலை நேராகப் பில்லுக்கு வந்தது. அடுத்த கோடையில், 2000-இல், சந்தை விலை பறந்தது. சான் டியேகோ வீடுகளின் பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனது. மின்சாரப் பகுதிக்கு 6.5 சென்ட் என்று சட்டமன்றம் அவசரமாக உச்சவரம்பு வைத்தது. வித்தியாசம் மறைந்துபோகவில்லை, தனிக் கணக்கில் சேர்ந்து, பின்னால் அதே மக்களிடம் வசூலிக்க வேண்டிய புதிய பாக்கியானது.

மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு உறைவு நீங்கியிருக்கவில்லை. மேலே போட்ட கணக்கில் சந்தை விலை 3 சென்ட்டுக்குப் பதில் 30 சென்ட் என்று போட்டுப் பாருங்கள். மிச்சம் 4 சென்ட் இருந்த இடத்தில் யூனிட்டுக்கு 23 சென்ட் நஷ்டம். 2000 டிசம்பரில் மொத்த விற்பனைச் சந்தையின் சராசரி விலை உண்மையிலேயே ஒரு மெகாவாட் மணிக்கு 300 டாலரைத் தாண்டியது, அதாவது யூனிட்டுக்கு 30 சென்ட்டுக்கும் மேல். முந்தைய வருடம் அதே மாதம் அது 30 டாலர் அளவில் இருந்தது. பாக்கியை வேகமாக வசூலிக்க வைத்திருந்த அதே ஏற்பாடு கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தது. அந்த இரண்டில் ஒன்றான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் 2001 ஏப்ரல் 6 அன்று திவால் மனு கொடுத்தது. கடன் கொடுக்க யாரும் முன்வராததால் மாநிலத்தின் நீர்வளத் துறையே மின்சாரம் வாங்கிக் கொடுத்தது. அந்தச் செலவுக்காக 2002-இல் 1,100 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரம் விற்கப்பட்டது. அதற்கான கட்டணம், யூனிட்டுக்குச் சுமார் அரை சென்ட், 2020 வரை பில்களில் இருந்தது. 2020-இல் அது முடிந்த உடனே, கிட்டத்தட்ட அதே அளவு தொகை காட்டுத்தீ நிதிக் கட்டணம் என்ற புதுப் பெயரில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பில்லில் வித்தியாசம் தெரிந்திருக்காது. பெயர் மாறியதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. திவாலிலிருந்து பசிபிக் கேஸ் வெளியே வந்த சமரசத்திலும் 220 கோடி டாலர் வாடிக்கையாளர் கணக்கில் எழுதப்பட்டது.

கலிபோர்னியா தோல்விக் கதை. ஆனால் சுமுகமாக முடிந்த மாநிலங்களில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

முடங்கிய முதல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, மின்நிலையத்தைப் பகிரங்கமாக விற்பது. விற்ற விலைதான் மதிப்பு, மீதி பாக்கி. இன்னொன்று, அடுத்த 20, 30 வருடத்தில் மின்சார விலை எப்படி இருக்கும் என்று நிபுணர்களை வைத்து ஊகித்து ஒரு எண்ணைத் தீர்மானிப்பது. நியூ இங்கிலாந்து மாநிலங்கள் பெரும்பாலும் விற்றன. நியூ இங்கிலாந்து எலெக்ட்ரிக் சிஸ்டம் தன் நீர்மின், அனல்மின் நிலையங்களை சுமார் 160 கோடி டாலருக்கு விற்றபோது அது கணக்குப் புத்தக மதிப்பைவிட மிக அதிகம். அந்த அதிகம் வாடிக்கையாளரின் பாக்கியிலிருந்து கழிக்கப்பட்டது. ஆணையத்தில் உட்கார்ந்து ஊகித்திருந்தால் அந்தப் பணம் யாருக்குப் போயிருக்கும்?

பென்சில்வேனியா ஊகித்தது. 1996 டிசம்பரில் சட்டம், 1998-இல் பீகோ கம்பெனிக்கு 526 கோடி டாலர் முடங்கிய முதலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பிலடெல்பியாவிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள வாடிக்கையாளர்கள் அதை 2010 வரை கட்டினார்கள். 1999-இல் மட்டும் 400 கோடி டாலருக்குப் பத்திரம் விற்கப்பட்டது. இந்தத் தொகையில் பெரும்பங்கு அணு உலைகளுக்கானது. அணு உலைகள் சந்தையில் பிழைக்காது என்பது அன்றைய கணிப்பு. அதே நேரத்தில் நடந்த விற்பனைகளும் அதையே காட்டின: பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் முதல் உலை, எரிபொருளையும் சேர்த்து, 10 கோடி டாலருக்குப் போனது, எரிபொருளை நீக்கினால் உலைக்குக் கிடைத்தது 2.3 கோடி. இல்லினாயில் 400 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய கிளிண்டன் உலை 2 கோடிக்குப் போனது.

அடுத்த சில வருடங்களில் எரிவாயு விலை ஏறியது. எரிவாயு நிலையம்தான் பெரும்பாலும் சந்தை விலையைத் தீர்மானிக்கும். அணு உலைக்கு எரிபொருள் செலவு குறைவு. "ஒன்றுக்கும் உதவாது" என்று எழுதப்பட்ட உலைகள் பணம் கொட்டத் தொடங்கின. 1988-இல் ஒரு கம்பெனியையே திவாலாக்கிய சீப்ரூக்கின் 88 சதவீதப் பங்கு 2002-இல் 83 கோடி டாலருக்கு மேல் விற்றது. பென்சில்வேனியா வாடிக்கையாளர்கள் அப்போதும் 1998-இல் போட்ட கணக்குப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள். உலைகள் இப்போது சந்தையில் இயங்கும் தனி நிறுவனத்தின் கையில். மதிப்பு குறைந்தால் வாடிக்கையாளர் ஈடுசெய்ய வேண்டும். கூடினால் பங்குதாரர் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு இது. இதில்தான் அநியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வசூலித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கணக்கை ஒரு நாளில் மூடிவிட்டு, பிறகு திறக்கவே மாட்டோம் என்றதுதான் தவறு.

கதை அத்தோடு முடியவுமில்லை. 2010-க்குப் பிறகு எரிவாயு மறுபடி மலிந்தது. உலைகள் மறுபடி நஷ்டம். இல்லினாய் 2016-இலும் நியூ ஜெர்சி 2018-இலும் அணு உலைகளுக்கு வாடிக்கையாளர் பில் வழியாக உதவித்தொகை கொடுக்கச் சட்டம் போட்டன. ஓஹையோவில் 2019-இல் வந்த அதே மாதிரிச் சட்டத்தின் பின்னால் லஞ்சம் இருந்தது நிரூபணமாகி, மாநிலக் கீழவையின் சபாநாயகராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-இல் 20 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கட்டணத்தில் ஒருமுறை, போட்டிக்கு மாறும் கட்டணத்தில் ஒருமுறை, உதவித்தொகையில் ஒருமுறை என்று ஒரே உலைக்குப் பல முறை கேட்கும் நிலை வந்தது. திரீ மைல் ஐலண்டின் அந்த உலையோ 2019-இல் மூடப்பட்டு, 2024-இல் மைக்ரோசாஃப்ட் 20 வருட ஒப்பந்தம் போட்டதும் மறுபடி திறக்கத் தயாராகிறது. 2.3 கோடிக்கு மேல் பெறாது என்று 1999-இல் எழுதப்பட்ட சொத்து அது.

மேரிலாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 1999-இல் போட்ட ஏற்பாட்டில் கட்டணத்துக்குச் சில வருட உச்சவரம்பு இருந்தது. 2006-இல் வரம்பு நீங்கியபோது பால்டிமோர் வாடிக்கையாளர்களுக்கு ஒரே அடியாக 72 சதவீத உயர்வு என்று அறிவிப்பு வந்தது. கொந்தளிப்பைத் தணிக்க உயர்வைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த பணத்துக்கு 62 கோடி டாலர் பத்திரம் விற்று, 10 வருடம் பில்லில் வசூலித்தார்கள். இந்தத் துறையில் எதுவும் தள்ளுபடி ஆவதில்லை, தள்ளித்தான் போகிறது.

சரி, உங்கள் பில்லுக்கு வருகிறேன். நீங்கள் பார்க்கும் தொகை பெரும்பாலும் பிசிஐஏ (PCIA) என்று சுருக்கமாக எழுதப்படுவது, கம்பெனியை விட்டுக் கிளம்பியவரின் பங்கைச் சரிக்கட்டும் கட்டணம். 1990-களின் சிடிசியும் மிகச் சிறிய தொகையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பழைய பர்ப்பா ஒப்பந்தங்களின் எச்சம். பிசிஐஏ அதன் வாரிசு, ஆனால் அதே ஆள் அல்ல. ஊர்களே தங்கள் மக்களுக்காக மின்சாரம் வாங்கலாம் என்று கலிபோர்னியா 2002-இல் சட்டம் போட்டது; 2010-இல் மரின் மாவட்டத்தில் முதல் அமைப்பு தொடங்கியது. நீங்கள் பழைய கம்பெனியில் இருந்த காலத்தில், உங்களையும் கணக்கில் வைத்து அது சூரிய மின், காற்றாலை ஒப்பந்தங்கள் போட்டது. ஆரம்பகால ஒப்பந்தங்களின் விலை இன்றைய விலையைவிட மிக அதிகம். நீங்கள் கிளம்பிவிட்டால் அந்தச் சுமை கிளம்பாமல் நிற்பவர்கள் மேல் விழும். அப்படி விழக்கூடாது என்பதற்காக உங்கள் பங்கை உங்களோடு அனுப்புகிறார்கள்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நீங்கள் கிளம்பிய வருடத்துக்குப் பிறகு கம்பெனி போட்ட ஒப்பந்தங்கள் உங்கள் பங்கில் வராது. அதனால்தான் பில்லில் பிசிஐஏ பக்கத்தில் ஒரு வருடம் போட்டிருக்கும். அந்த வருடம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், குறிப்பாக வீடு மாறியிருந்தால். இன்னொரு நல்ல அம்சம், சந்தை மதிப்பை வருடா வருடம் புதிதாகப் போட்டுக் கணக்கைத் திருத்துகிறார்கள், இரண்டு பக்கமும். சந்தை விலை ஏறியிருந்த 2023-இல் பசிபிக் கேஸ் வாடிக்கையாளர்களில் சில வருடப் பிரிவினருக்கு இது கட்டணமாக வராமல் கழிவாக வந்தது. பென்சில்வேனியாவில் நடக்காதது இங்கே நடந்தது. அதனால் பிசிஐஏ மேல் உங்களுக்குள்ள கோபத்தை முழுமையாகப் பகிர்ந்துகொள்ள என்னால் முடியவில்லை. சண்டை போட வேண்டிய இடம் வேறு: அந்தச் சந்தை மதிப்பை எந்த அளவுகோலால் போடுகிறார்கள் என்பது. மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் உங்கள் பங்கு பல கோடி டாலர் கணக்கில் கூடும். ஒவ்வொரு வருடமும் ஆணையத்தின் முன் இதற்குத்தான் வாதம் நடக்கிறது.

அந்த வாதத்தில் நீங்களும் கலந்துகொள்ளலாம். கலிபோர்னியாவில் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் ஒவ்வொரு வழக்கிலும் பொதுமக்கள் கருத்து எழுதலாம். டர்ன் போன்ற நுகர்வோர் அமைப்புகள் வழக்கில் பங்கெடுத்து, அவர்கள் வாதத்தால் பயன் விளைந்தால் செலவையும் திரும்பப் பெறலாம். மற்ற பல மாநிலங்களில் நுகர்வோருக்காக வாதாட அரசே ஒரு அலுவலகம் வைத்திருக்கிறது. எழுதும்போது "கட்டணம் அதிகம்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் ஒரு எண்ணாகப் போய்விடும். இந்தப் பாக்கி எந்தத் தேதியில் முடிகிறது, சொத்தின் மதிப்பு கூடினால் எங்களுக்கு எவ்வளவு திரும்பும், அந்த மதிப்பை யார் எப்படிப் போட்டார்கள் என்று வழக்கின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டவற்றுக்கு ஆவணத்தில் பதில் எழுதப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கடன் பத்திரம் விற்கும் விண்ணப்பம் உங்கள் கம்பெனியிடமிருந்து ஆணையத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 2001-இல் சீப்ரூக்குக்காக 52 கோடி டாலர் பத்திரம் விற்றார்கள். கம்பெனியின் மிச்ச மின்நிலையங்களை விற்றபோது, மெரிமாக் நிலக்கரி நிலையத்தில் 40 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பொருத்திய மாசு நீக்கும் கருவியின் பாக்கியையும் சேர்த்து, 2018-இல் மறுபடி 63 கோடிக்கு விற்றார்கள். இரண்டு முறையும் கேள்வி கேட்க இருந்த நேரம், உத்தரவில் கையெழுத்தாகும் வரை இருந்த சில மாதங்கள்தான்.